செட்டிங்கை மாத்திட்டுக் குடுத்துட்டா

அந்தப் போனைக் கொஞ்சம் காட்டு கண்ணு. பயப்படாத, பார்த்துட்டுக் குடுத்துடறேன். இப்ப சன்னல் வழியா கஞ்சமலையை எடுத்தியே, அது எப்படி வந்திருக்குன்னு பார்க்கத்தான். நல்லாத்தான் வந்திருக்கு. பஸ்ஸு இந்த ஆட்டம் ஆடுது, அப்பவும் மலை நின்ன எடத்துலயே நிக்குது. இது நீ எடுத்ததா, இல்ல போனே எடுத்துக்கிச்சா? சிரிக்காத, நெசமாத்தான் கேக்கறேன். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த வருசம் பூரா கடை கடையா ஏறி எறங்கறேன். காலு ரெண்டும் மரத்துப் போச்சு.

இந்தா, என் போனைப் பாரு. பின்னாடி மூணு கண்ணு இருக்குதா? வாங்கறப்போ எங்க தெருவுலயே இதுதான் பெரிய போனு. இப்ப சேலத்துல மூணாவது கடையில குடுத்து வாங்கிட்டு வர்றேன். மொதக் கடைக்காரன் தூசி இருக்குன்னு தொடச்சான். ரெண்டாவது கடைக்காரன் கண்ணாடியையே மாத்தினான். இன்னிக்குப் போன கடைக்காரரு, கேமரா நல்லாத்தானே இருக்குதுங்கக்கான்னு கையில குடுத்துட்டாரு. நல்லா இருக்குன்னா எனக்கு ஏன் நல்லா வரமாட்டேங்குது? அதுக்கு யாரும் வாயத் தொறக்கறதில்ல.

எனக்குத் தெரியும். அவ செட்டிங்கை மாத்திட்டுக் குடுத்துட்டா.

அவன்னா யாருன்னு சொல்லணுமில்ல. சுகந்தி. என் கொழுந்தன் மாதேசோட பொண்டாட்டி. எனக்கு ஓரகத்தி. இளம்பிள்ளையில ஒரே ஊட்டுல ஒரே அடுப்புல ஒம்பது வருசம் இருந்தோம். எங்கூட்டுக்காரரும் அவரு தம்பியும் தறிக்குப் போறவங்க. தறி ஓடாம கெடந்த ஒரு வருசத்துல நாங்க பொம்பளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து சேலை யாவாரம் ஆரம்பிச்சோம். கடையெல்லாம் இல்ல. போன்லதான். குரூப்புல போட்டோ போடுவோம், புடிச்சவங்க கேப்பாங்க, பார்சல் போட்டு அனுப்பிடுவோம். எங்கூர்ல பாதி ஊட்டுல இந்த யாவாரம்தான். நீ கூட வாங்கியிருப்ப.

யாவாரத்துல வேலையெல்லாம் எனக்குத்தான். தறிக்காரங்ககிட்டப் போயி பேரம் பேசறது நானு. எது ஓடும், எது ஓடாதுன்னு பார்த்து எடுக்கறது நானு. போன்ல கூப்பிடறவங்களுக்குப் பதில் சொல்றது நானு. மடிச்சு, கவர்ல போட்டு, ஒட்டி, கொரியர் ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போறது நானு. அவ போட்டோ எடுப்பா. அவ்வளவுதான்.

அந்தப் போட்டோவையும் சட்டுனு எடுத்துத் தொலைக்க மாட்டா. துணி காயப்போட மாடிக்குப் போவோமில்ல, அப்ப சேலைக் கட்டையும் தூக்கிக்கிட்டு வருவா. வந்து நிப்பா. சும்மா நிப்பா கண்ணு. என்னாடின்னு கேட்டா, அடுத்த ஊட்டுத் தண்ணித் தொட்டி நெழலு இன்னும் நகரலக்காம்பா. அது நகர்ற வரைக்கும் இவ கைப்புடிச் சுவத்துல உக்காந்து சேலையத் தடவிக்கிட்டு இருப்பா. அப்புறம் விரிச்சுப் போட்டு ஒண்ணு எடுப்பா. போனைப் பார்ப்பா, சேலையப் பார்ப்பா, திரும்பப் போனைப் பார்ப்பா. கலரு ஒத்து வரலைன்னா அழிச்சுடுவா. ஒருக்கா ஒரு வெங்காய கலரு சேலை. காலையில எடுத்தா ரோசாப்பூவாட்டம் வருதாம், மத்தியானம் எடுத்தா வெளுத்துப் போவுதாம். பொழுது சாயற வரைக்கும் அந்த ஒத்தச் சேலைய வெச்சுக்கிட்டுக் கெடந்தா. நான் கத்தாத கத்தா? அடியேய், ஒலையில போட்ட அரிசி கொழஞ்சு போவுது, வந்து வடிடின்னு கீழ இருந்து கத்துவேன். வர்றேன்க்கா, வர்றேன்க்காம்பா. வரமாட்டா.

அதையும் சொல்லணும். போட்டோ நல்லா வரும். கையில வாங்கின சேலை, போன்ல பார்த்த மாதிரியே இருக்குதுன்னு ஜனங்க சொல்லுவாங்க. இந்த யாவாரத்துல அது பெரிய விசயம் கண்ணு. மத்தவங்க போடறதெல்லாம் போன்ல தகதகன்னு இருக்கும், பிரிச்சா பழைய துணி மாதிரி இருக்கும். எங்குளுது அப்படி இல்ல. அத்தினி பேரும் என்ன போனுங்க, என்ன போனுங்கன்னு கேட்டுக் கேட்டு வாங்கினாங்க. நானும் பெருமையா போன் பேரைச் சொல்லுவேன். யாரு எடுக்கறாங்கன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. கேக்காதப்போ நான் எதுக்குச் சொல்லணும்?

ஒரே ஒரு அம்மா கேட்டுச்சு. மலேசியாக்காரம்மா. உங்க சேலைய விட உங்க போட்டோவுக்காகத்தான் நான் குரூப்புல இருக்கேன், யாரு எடுக்கறதுன்னு எழுதியிருந்துச்சு. நான் பார்சல் கட்டிக்கிட்டு இருந்தேன், பார்க்கல. நாந்தாங்க எடுக்கறேன், என் பேரு சுகந்தின்னு இவ பதில் போட்டுட்டா. அதுக்கு முப்பது நாப்பது பேரு பூவு போடறாங்க, கையெடுத்துக் கும்புடறாங்க. ராத்திரி சோறு திங்கறப்போ எடுத்துப் பார்க்கறேன், என் பேரே அதுல இல்ல. பேரத்துக்கு அலைஞ்சு வெயில்ல கறுத்தவ நானு. எனக்கு ஒரு பூவு இல்ல.

வயிறு எரிஞ்சுச்சு. ஆமா, எரிஞ்சுச்சு, அதுல என்ன மறைக்கறது. அவ எதுத்தாப்புல உக்காந்திருந்தா. இந்தப் போனைக் குடுத்தா பூனை கூட காலால தட்டி எடுக்கும், இதுல என்ன பெருசா பேரு போட்டுக்கறதுன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, எங்கூட்டுக்காரரும் சிரிச்சாரு. அவ சிரிக்கல. தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போயிப் படுத்துட்டா. நான் விளையாட்டாத்தான் சொன்னேன். ரோசம் வர்ற அளவுக்கு அதுல என்ன இருக்குது சொல்லு.

அந்த வாரத்துலயே மாதேசு, அண்ணா, நாங்க தனியாப் போயிக்கறோம்னு வந்து நின்னான். ஊடு பத்தலைன்னான். ஒம்பது வருசம் பத்தின ஊடு ஒரு வாரத்துல பத்தாமப் போச்சு. எங்கூட்டுக்காரரு ஒண்ணும் பேசல. அவரு எப்பவும் பேசமாட்டாரு.

பெரிய மாமனாரு வந்தாரு, பாத்திரம் பண்டத்தைப் பிரிச்சுவுட. எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்குது. பெரியவங்க பிரிச்சு வைக்கணும், சின்னவங்கதான் மொதல்ல கை வைக்கணும். எளையவங்களுக்கு மனக்கொறை இருக்கக் கூடாதுன்னு. கூடத்துல எல்லாத்தையும் பரப்பி வெச்சிருந்தோம். பிரிட்ஜு, கிரைண்டரு, கட்டலு, அண்டா குண்டா, தைக்கிற மிசினு. போனையும் வெச்சிருந்தாங்க, அது பொதுச் சீட்டுல எடுத்ததுங்கறதால. மாமனாரு, நீ கேளு சாமின்னு சுகந்தியப் பார்த்துச் சொன்னாரு. அவ போன் பக்கம் பார்த்தா. அந்தப் போனுன்னு வாயத் தொறந்தா.

நான் உட்டுடுவேனா? எடையில புகுந்துட்டேன். போனைத் தவிர என்ன வேணா எடுத்துக்க, பிரிட்ஜை எடுத்துக்க, கிரைண்டரை எடுத்துக்க, ரெண்டையுமே எடுத்துக்க, போனு என் யாவாரத்துக்கு வேணும்னுட்டேன். பெரிய மாமனாரு மொகம் சுருங்கிப் போச்சு. வழக்கத்தை மீறிப் பேசிப்புட்டேன்ல. ஆனா அவ சண்டை போடல. ஒரு நிமிசம் என்னையே பார்த்தா. அப்புறம் போனை எடுத்து முந்தானையில தொடச்சு என் கையில குடுத்தா.

"நீங்களே வெச்சுக்குங்கக்கா. மழைத் தண்ணி படாமப் பார்த்துக்குங்க" அப்படின்னா.

எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். யாராச்சும் இத்தனை சுளுவா உட்டுக் குடுப்பாங்களா? பிரிட்ஜு போயிடுச்சு. அந்த வெயில் காலம் முச்சூடும் புளிச்ச மாவுல தோசை தின்னோம். எங்கூட்டுக்காரரு தட்டைப் பார்ப்பாரு, போனைப் பார்ப்பாரு, எந்திரிச்சுப் போயிடுவாரு. போனாப் போவுது, யாவாரம் என்கிட்ட இருக்குது, போனு என்கிட்ட இருக்குதுன்னு நான் மனசைத் தேத்திக்கிட்டேன்.

மறுநாளே எடுக்க ஆரம்பிச்சேன். அவளாட்டம் நெழலுக்கு எல்லாம் காத்துக் கெடக்கல. கூடத்துல டியூப் லைட்டைப் போட்டேன், ஆணியில சேலைய மாட்டினேன், பட்டு பட்டுனு எடுத்தேன். அவ ஒண்ணு எடுக்கற நேரத்துல நான் இருவது எடுத்துடுவேன். படமும் பளபளன்னு அவ எடுத்ததை விடத் தூக்கலாத்தான் வந்துச்சு. பாருடி, இதுக்குத்தான் நாள் பூரா மாடியில காஞ்சியான்னு நெனச்சுக்கிட்டேன். ஆர்டரு வந்துச்சு. அனுப்பினேன்.

அப்புறம் ஒவ்வொண்ணா திரும்பி வர ஆரம்பிச்சுச்சு. கலரு வேறங்க. வாடாமல்லின்னு போட்டீங்க, செவப்பா இருக்குதுங்க. மயில் கழுத்துன்னீங்க, வெறும் நீலமா இருக்குதுங்க. நானா கலரை மாத்தினேன்? போனு மாத்துது. கொரியர்க்காரன், என்னக்கா, அனுப்பறதை விட வாங்கறது அதிகமா இருக்குதேம்பான். குரூப்புல இருந்து ஒவ்வொருத்தரா கழண்டாங்க. மலேசியாக்காரம்மா சொல்லாமக் கொள்ளாம போயிடுச்சு. இப்ப தறிக்காரரு என்ன சொல்றாருன்னா, ஆடி வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் உனக்குச் சரக்குக் குடுக்க முடியாதும்மாங்கறாரு. அவருக்கும் பொழப்பு ஓடணுமில்ல. சரக்கு நின்னா எனக்குன்னு என்ன இருக்குது? தறிக்கும் போகத் தெரியாது, தைக்கவும் தெரியாது. இந்த யாவாரம் ஒண்ணுலதான் நான் மனுசியா நடமாடினேன்.

நடுவுல அவ என்ன பண்ணா தெரியுமா? தனியா ஒரு குரூப்பு ஆரம்பிச்சுட்டா. மாதேசோட பழைய போன்ல. மூலையில கண்ணாடி ஒடைஞ்சு, ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருப்பான், அந்தப் போனு. அதுல என்ன வரப்போவுதுன்னு நெனச்சேன். இருந்தாலும் பார்க்கணுமில்ல. என் தங்கச்சி நம்பர்ல இருந்து அந்தக் குரூப்புல சேர்ந்தேன். தெனமும் தங்கச்சிக்குப் போன் பண்ணி, இன்னிக்கு என்னடி போட்டிருக்கா, எனக்கு அனுப்புடின்னு கேக்கறதே வேலையாப் போச்சு.

பார்த்தா அதே மாதிரி படம் கண்ணு. அச்சு அசல். ஒடைஞ்ச போன்ல. ஒரு மாம்பழ கலரு சேலை, கொய்யா மரத்துக் கெளையில சும்மா தொங்கவுட்டிருக்கா, அவ்வளவுதான். பார்த்தவொடனே எனக்கே அந்தச் சேலைய உடுத்தணும்னு தோணிப் போச்சு. தங்கச்சி பேர்ல ஆர்டர் பண்ணி வாங்கியே பார்த்தேன். பிரிச்சா, போன்ல இருந்த அதே மாம்பழம். ஒரு சொட்டு கூடுதலும் இல்ல, கொறச்சலும் இல்ல. மடியில போட்டுக்கிட்டு, போனைப் பார்த்தேன், சேலையப் பார்த்தேன், திரும்பப் போனைப் பார்த்தேன்.

அன்னிக்குத்தான் எனக்கு எல்லாம் வெளங்குச்சு. இந்தப் போன்ல இருந்த செட்டிங்கை எடுத்து அந்தப் போன்ல போட்டுக்கிட்டா. வேற எப்படி வரும், சொல்லு? அதனாலதான் சண்டை போடாமயே தூக்கிக் குடுத்தா. வெறுங்கூட்டை என் கையில குடுத்துட்டு, உள்ள இருந்ததைக் கொண்டு போயிட்டா. எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னா, உனக்குப் புத்தி பெரண்டு போச்சுங்கறாரு. எப்பவும் பேசாதவரு, அதுக்கு மட்டும் வாயத் தொறந்தாரு.

இன்னிக்குக் கடையில நடந்ததைக் கேளு. நான் இதையெல்லாம் சொன்னேன். அவரு, நீங்க என்னை ஒரு போட்டோ எடுங்கக்கான்னாரு. எடுத்தேன். மூஞ்சி கன்னங்கரேல்னு வந்துச்சு. பாருங்கன்னேன். அவரு கல்லாவுல இருந்து எந்திரிச்சு வந்து, வாசப் பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டு, இப்ப எடுங்கன்னாரு. பளிச்சுனு வந்துச்சு. இப்ப என்ன பட்டனை அமுக்கினீங்கன்னு கேட்டேன். ஒண்ணும் அமுக்கலீங்க்கா, நான் எடம் மாறி நின்னேன், அவ்வளவுதான்னாரு. சிரிப்பு வேற. தொழில் ரகசியத்தை யாரு வெளிய சொல்லுவாங்க. நானும் அதுக்கு மேல கேக்கல. அலுத்துப் போச்சு.

அப்புறம் அவரே, போன்ல எடமே இல்லீங்க்கா, பழைய படமெல்லாம் ரொம்பிக் கெடக்குது, அழிச்சுடட்டுமான்னு கேட்டாரு. எங்க காட்டுங்கன்னேன். தள்ளித் தள்ளி, பிரிச்சதுக்கு முந்தி எடுத்ததுக்குப் போயிட்டாரு. சேலையா இருக்கும்னு பார்க்கறேன், சேலை இல்ல. ஒரு பொம்பளை. துண்டை ஒதறிக்கிட்டு நிக்கறா, தண்ணியெல்லாம் வெயில்ல தெறிக்குது. அதே பொம்பளை வாயில கிளிப்பைக் கடிச்சுக்கிட்டு யாரையோ மொறைக்கறா. தண்ணித் தொட்டியில சாஞ்சு தூங்கறா. எதுக்கோ சிரிச்சுட்டு, கையால வாயப் பொத்திக்கறா.

"யாருங்க்கா இது, உங்க தங்கச்சியா?" அப்படின்னு கேட்டாரு கடைக்காரரு.

நாந்தான் கண்ணு. நாந்தான் அது. அவ சேலையப் போடறதுக்கு முந்தி, வெளிச்சம் பார்க்கணும்க்கா, கொஞ்சம் அப்படியே நில்லுங்கம்பா. நான் துணி காயப்போட்டுக்கிட்டே, சீக்கிரம் எடுத்துத் தொலைடின்னு திட்டுவேன். வெளிச்சம் பார்த்துட்டு அழிச்சுடுவான்னுதான் இத்தனை வருசமா நெனச்சிருந்தேன். ஒண்ணைக் கூட அழிக்கல. கலரு கொஞ்சம் மாறினாலே சேலையப் பூரா அழிக்கறவ, என்னை அழிக்கல.

 கண்ணாலத்துக்கு அப்புறம் என்னை யாரு படம் எடுத்தா? ஆதாருக்கு எடுத்தான் ஒருத்தன். விசேசத்துல எல்லாம் நான் தட்டு தூக்கிக்கிட்டு ஓரமா நிப்பேன், பாதித் தோளு விழும். நானே ஒருக்கா இந்தப் போனைத் திருப்பி எடுத்துப் பார்த்தேன். பரங்கிக்காய்க்குப் பொட்டு வெச்ச மாதிரி இருந்துச்சு. போனும் இதேதான், மூஞ்சியும் இதேதான். ஆனா அதுல இருக்கற பொம்பளை அழகா இருக்கா கண்ணு. கோவமா இருக்கற படத்துல கூட அழகா இருக்கா. அவ கூட ஒம்பது வருசம் சோறு தின்னேன், அவளுக்கு நான் அப்படித் தெரியறேன்னு எனக்குத் தெரியாமப் போச்சு.

இல்ல, இல்ல. செட்டிங்குதான். அப்ப இந்தப் போன்ல செட்டிங் எப்பேர்ப்பட்டதா இருந்திருக்குன்னு இதுலயே தெரியுதில்ல. என்னையே அப்படிக் காட்டியிருக்குன்னா, சேலைய எப்படிக் காட்டியிருக்கும்? அழிக்கட்டுமான்னு அவரு திரும்பக் கேட்டாரு. வெடுக்குனு புடுங்கிக்கிட்டு வந்துட்டேன்.

அதான், ஊருக்குப் போகல. சித்தர்கோயில்ல எறங்கப் போறேன். கோயிலுக்குப் பின்னாடிதான் அவளும் மாதேசும் வாடகைக்கு இருக்கறாங்களாம். இந்தப் போனை அவ முன்னாடி வெச்சு, நீ என்ன மாத்தினியோ அதைத் திருப்பி வெச்சுக் குடுடின்னு கேக்கப் போறேன். நான் மாத்தலக்காம்பா. அப்படின்னா என் கண்ணு முன்னாடி இதுல ஒரு சேலைய எடுத்துக் காட்டுடின்னு சொல்லுவேன்.

நல்லா வந்துட்டா என்ன பண்ணுவீங்கன்னா கேக்கற? வந்துட்டா, இந்தப் போனு அவ கைக்குத்தான் படியுதுன்னு அர்த்தம். அப்புறம் நான் வெச்சுக்கிட்டு என்ன பண்றது, அவளே வெச்சுக்கட்டும். ஒடைஞ்ச போன்ல எத்தனை நாளைக்கு ஓட்டுவா? எங்கூர்ல இருந்து பஸ்ஸுல பத்து நிமிசந்தான். காலையில துணி காயப்போட்டுட்டு நான் சரக்கோட வந்துடுவேன். அவ எடுக்கட்டும். வெளிச்சம் பார்க்க ஒரு ஆளு நிக்கணுமில்ல, கொய்யா மரத்தையா நிறுத்துவா? அவளைத் திரும்பக் கூப்பிடத்தான் போறேன்னு நெனச்சுக்காத. செட்டிங்குக்குத்தான் போறேன். அவ என்ன நெனப்பாளோ, கதவைத் தொறப்பாளோ மாட்டாளோ, அது வேற. பூனைன்னு சொன்னதை இன்னும் மனசுல வெச்சிருந்தான்னா கஷ்டந்தான்.

விசில் அடிச்சுட்டாரு, ஸ்டாப்பு வந்துடுச்சு. காலைக் கொஞ்சம் எடுத்துக்க கண்ணு. இந்தப் பையைப் புடி, எந்திரிச்சுக்கறேன். காலையில இருந்து வெயில்ல அலைஞ்சு வர்றேன், தலை கலைஞ்சிருக்குதா பாரு. பொட்டு நடுவுல இருக்குதா? நல்லாப் பார்த்துச் சொல்லு. போனை வாங்கினவொடனே மொதல்ல என்னைத்தான் எடுப்பா.